வீட்டிலேயே ஃபாண்டன்ட் பிறந்தநாள் கேக்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்து

மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு நான் செய்த முதல் ஃபாண்டன்ட் கேக் பூனை வடிவத்தில் இருந்தது. கைப்பேசியில் பார்த்த காணொளியில் எல்லாம் சுலபமாக நடந்தது. என் பூனையோ குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே வந்த கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. மீசை நழுவியது, காது சாய்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், வெட்டினார்கள், சாப்பிட்டார்கள். அதுவரை எனக்கும் வருத்தம் இல்லை.

பாத்திரம் கழுவும்போதுதான் மார்ஷ்மெல்லோ பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். உட்பொருள் பட்டியலில் மாட்டு ஜெலட்டின் என்று இருந்தது. ஆயுள் முழுவதும் மாட்டிறைச்சி தொடாத என் அம்மா அதற்குள் இரண்டு துண்டு சாப்பிட்டு முடித்திருந்தார். "பிள்ளை ஆசையா செஞ்சது, விடு" என்றார். ஆனால் அன்று முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

கெடாவில் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று தோட்டங்களிலும் தாமான்களிலும் வசிக்கும் நம் பெற்றோர் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. பிள்ளை கேட்கும் வடிவத்தில் கேக் ஒன்று நம் கையாலேயே செய்து கொடுக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தால் விலை அதிகம். அது நியாயமான விலைதான். ஒரு வடிவக் கேக்கிற்குப் பல மணி நேர உழைப்பு போகிறது. அந்த உழைப்பை நாமே போடத் தயார் என்றால், பொருளுக்கு மட்டும் செலவு செய்தால் போதும்.

நாளிதழில் அணிச்சல் என்று எழுதுகிறோம். வீட்டில் கேக் என்றுதான் சொல்கிறோம். இங்கே வீட்டுப் பேச்சுப்படியே போவோம்.

துரை பங்களாவிலிருந்து நம் வீட்டுக்கு

நம் தாத்தா பாட்டி காலத்தில் பிறந்தநாள் என்றால் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், வடை. கேக் என்பது துரை பங்களா விவகாரம்.

இந்தியாவிலும் கதை அப்படித்தான் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் அடுமனை நடத்தி வந்தார். அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் துரை மர்டோக் பிரவுன், 1883இல் ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, இதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பாபு உள்ளூர் பொருள்களை வைத்தே செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

துரையின் பலகாரத்தை நம் கைப்பக்குவத்தில், நம் பொருளில் செய்ய முடியும் என்பதற்கு அது ஒரு பழைய சாட்சி. நாமும் அதையே செய்யப்போகிறோம்.

ஃபாண்டன்ட் என்றால் என்ன?

ஃபாண்டன்ட் என்பது பிரெஞ்சுச் சொல். உருகக்கூடியது என்று பொருள். கேக்கின் மேல் போர்த்தும் சீனி மாவு என்று எளிதாகச் சொல்லலாம். கடையில் கிடைக்கும் ஃபாண்டன்டில் ஐசிங் சீனி, குளுக்கோஸ் பாகு, கிளிசரின், கொஞ்சம் தாவரக் கொழுப்பு ஆகியவை இருக்கும். இவற்றைச் சேர்த்துப் பிடித்து வைக்க ஒரு பசைப் பொருளும் உண்டு. அந்தப் பசை இரண்டு வகை. ஒன்று, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின். மற்றொன்று, தாவரப் பிசின் அல்லது தாவர நாரிலிருந்து செய்யப்படும் பசை.

சப்பாத்தி மாவு பிசையத் தெரிந்த கைக்கு ஃபாண்டன்ட் புதிதல்ல. பிசைவது, மூடி வைப்பது, உருட்டுவது எல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம்: சப்பாத்திக்குத் தண்ணீர் நண்பன், ஃபாண்டன்டுக்குத் தண்ணீர் எதிரி. சீனி காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் மதியம் 32, 33 டிகிரி வெப்பம், மழைக்கு முன் புழுக்கம். என் பூனை வியர்த்ததற்கு இதுதான் காரணம். குளிர்ந்த கேக்கின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்து நீராகிறது. ஐஸ் தண்ணீர்க் குவளைக்கு வெளியே நீர் கோப்பதும் இதேபோலத்தான்.

கடைக்குப் போனால் முதலில் பொட்டலத்தைத் திருப்புங்கள்

ஹலால் முத்திரை இருந்தால் பன்றிப் பொருள் இல்லை என்று நம்பலாம். ஆனால் மாட்டுப் பொருள் இல்லை என்று அந்த முத்திரை சொல்வதில்லை. நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் பலவற்றில் மாட்டு ஜெலட்டின்தான் இருக்கிறது. இணையத்தில் பிரபலமான மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட் செய்முறையை நம் வீட்டில் செய்யும்போது இதை மறந்துவிடுகிறோம்.

உட்பொருள் பட்டியலில் மலாய்மொழியில் 'கெலத்தின் லெம்பு' என்றிருந்தால் மாடு. 'கெலத்தின் இக்கான்' என்றால் மீன். வெறும் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. டிராகாகாந்த் பிசின் (இ413), சாந்தன் பிசின் (இ415), சிஎம்சி (இ466) என்று இருந்தால் அவை விலங்கிலிருந்து வந்தவை அல்ல. பல ஆயத்த ஃபாண்டன்டுகள் இந்த வகையில்தான் வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் படித்துத்தான் வாங்க வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இன்னொரு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இ120 என்பது கார்மைன் எனும் சிவப்புச் சாயம். அது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது.

பால்கோவா வாசத்தில் ஒரு மாவு

ஜெலட்டின் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சீனி மாவு ஒன்று உண்டு. ஐசிங் சீனி 250 கிராம், பால் மாவு 250 கிராம் இரண்டையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். நடுவில் குழி செய்து, டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். சுமார் 250 கிராம் பிடிக்கும், அதாவது 500 கிராம் டின்னில் பாதி. முழுவதையும் ஒரே தடவை ஊற்றிவிடாதீர்கள். பால் மாவின் வகையைப் பொறுத்தும், அன்றைய ஈரக் காற்றைப் பொறுத்தும் அளவு மாறும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக, கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் தடம் பதியும் பக்குவம் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒட்டினால் ஐசிங் சீனி ஒரு கரண்டி. வெடித்தால் டின் பால் சில துளிகள்.

இதைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அரை மணி நேரம் விட்டு, பிறகு பிசையுங்கள்.

கடை ஃபாண்டன்டுக்கும் இதற்கும் இரண்டு வேறுபாடுகள். இது தூய வெள்ளையாக இருக்காது, சந்தன நிறம்தான். பெரிய தாளாக உருட்டி வளைத்துப் போர்த்தினால் மூலைகளில் வெடிக்கும். ஆனால் சுவை பால்கோவா போல இருக்கும். கடை ஃபாண்டன்டைப் பிள்ளைகள் உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். இதை முதலில் சாப்பிடுவார்கள்.

ஏன் பேருந்து?

சந்தன நிறம் கெடுக்காத, வளைத்துப் போர்த்தத் தேவையில்லாத வடிவம் எது என்று யோசித்தபோது கிடைத்த விடைதான் பள்ளிப் பேருந்து. காலை இருட்டில் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும் அந்த மஞ்சள் பேருந்தை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் சாயம் எளிதில் ஏறும். வடிவமோ ஒரு பெட்டி. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் பலகைபோல வெட்டி ஒட்டிவிடலாம். இணையும் இடங்களைக் கறுப்புப் பட்டை மறைத்துவிடும்.

கார்ட்டூன் பாத்திரம், குதிரை, இளவரசி எல்லாம் மூன்றாவது நான்காவது கேக்கிற்கு வைத்துக்கொள்ளுங்கள். முகம் செய்வதுதான் இருப்பதிலேயே கடினம். ஒரு மில்லிமீட்டர் தவறினால் வேறு ஆளாகிவிடும். பேருந்து எப்படிச் சாய்ந்தாலும் பேருந்துதான்.

தேவையான பொருள்கள்

கேக்கிற்கு: வெண்ணெய் 250 கிராம், பொடிச் சீனி 200 கிராம், பி தர முட்டை 4, தானாக உப்பும் கோதுமை மாவு 250 கிராம் (சாதாரண மாவு என்றால் அதோடு இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர்), பால் 80 மில்லிலிட்டர், வெனிலா ஒரு தேக்கரண்டி.

பூச்சுக்கு: வெண்ணெய் 100 கிராம், வெள்ளைத் தாவரக் கொழுப்பு 100 கிராம், ஐசிங் சீனி 300 கிராம், பால் ஒரு மேசைக்கரண்டி. கேக் பொருள் விற்கும் கடைகளில் இந்தக் கொழுப்பை ஷார்ட்டனிங் என்று கேளுங்கள். வெறும் வெண்ணெய்ப் பூச்சு நம் ஊர் வெயிலில் இளகி ஓடும். பாதி ஷார்ட்டனிங் சேர்த்தால் நிற்கும்.

அலங்காரத்திற்கு: மேலே சொன்ன பால் மாவுச் சீனிப் பிசைவு 750 கிராம், மஞ்சள் ஜெல் சாயம், கோகோ தூள், ஆயத்தக் கறுப்பு ஃபாண்டன்ட் ஒரு சிறு பொட்டலம், சக்கரத்திற்கு வட்டமான சாக்லேட் கிரீம் பிஸ்கட் 4, விளக்குக்கு வட்ட மிட்டாய் 4, தூவ சோள மாவு.

மளிகைக் கடையில் சின்னப் போத்தலில் கிடைக்கும் திரவச் சாயம் வேண்டாம். அதிலிருக்கும் நீர் மாவைக் குழைத்துவிடும். பற்குச்சி நுனியில் எடுத்துத் தடவும் ஜெல் சாயமே சரி. கறுப்பு நிறத்தை வீட்டில் கலக்க முயல வேண்டாம். சாயம் மிக அதிகம் பிடிக்கும், கசக்கும், பல்லும் கறுக்கும். ஆயத்தக் கறுப்பு கிடைக்காவிட்டால், மீதி மாவில் கோகோ தூளை நிறையப் பிசைந்து கரும்பழுப்புப் பட்டை செய்துகொள்ளலாம்.

வியாழன் இரவு: கேக் சுடுதல்

பிறந்தநாள் விருந்து சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இரவே கேக் தயாராகிவிட வேண்டும். அன்றே சுட்ட கேக்கை அன்றே வெட்டினால் உதிரும்.

புத்தகங்களில் வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டு அறை. நம் சமையலறையில் ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் தொட்டால் சற்றுக் குளிர்ச்சி தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்தில் சீனியோடு சேர்த்து வெளுத்து இலேசாகும்வரை அடியுங்கள். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, வெனிலா ஊற்றி, மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். மாவு போட்ட பின் அதிகம் அடித்தால் கேக் இறுகும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து ஊற்றி, 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 45 முதல் 50 நிமிடம் சுடுங்கள். நடுவில் குச்சி விட்டு எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது. முழுக்க ஆறிய பிறகு பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

அடுப்பில்லாத வீட்டில் என்ன செய்வது? மலாய்க்காரர்களின் கேக் குகூஸ் போல ஆவியில் வேகவைக்கலாம். மூடியைத் துணியால் கட்டிவிட்டால் நீர் சொட்டாது. ஆனால் ஆவிக் கேக் மென்மையாக இருப்பதால், இரவு முழுக்கக் குளிரவைத்த பிறகே வெட்ட வேண்டும். இன்னொரு வழி, அலங்காரம் இல்லாத வெண்ணெய்க் கேக்கைக் கடையில் வாங்கி அலங்காரத்தை மட்டும் நாமே செய்வது. அதில் ஒரு குறைவும் இல்லை. எதுவானாலும் ஸ்பாஞ்ச் கேக், ஷிஃபான் கேக் மட்டும் வேண்டாம். சீனி மாவின் பாரத்தில் அவை அமுங்கிவிடும்.

வெள்ளி மாலை: பேருந்து கட்டுதல்

முதலில் கேக்கின் மேல் உப்பலைச் சமமாக வெட்டி எடுங்கள். பிறகு நடுவில் வெட்டினால் 20க்கு 10 சென்டிமீட்டர் அளவில் இரண்டு துண்டு கிடைக்கும். ஒன்றின் மேல் பூச்சைத் தடவி மற்றதை அடுக்குங்கள். ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயரம் வரும். இந்த உயரத்திற்கு உள்ளே குச்சித் தாங்கல் எதுவும் தேவையில்லை. முன்பக்க மேல் விளிம்பில் மட்டும் ஒரு சிறு சாய்வு வெட்டினால் கண்ணாடி இருக்கும் இடம் போலத் தெரியும்.

கேக்கைப் பலகையின் மேல் வைத்து, எல்லாப் பக்கமும் பூச்சை மெலிதாகத் தடவுங்கள். இது தூள் உதிராமல் பிடித்து வைக்கும் பூச்சு. அழகைப் பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் குளிரவைத்து, இரண்டாவது பூச்சைச் சமமாகத் தடவுங்கள். இங்கே மேடு பள்ளம் இருந்தால் மேலே ஒட்டும் சீனி மாவிலும் அது அப்படியே தெரியும். பூசியதும் மீண்டும் குளிரவையுங்கள்.

அது குளிரும் நேரத்தில் காகிதத்தில் அளவெடுங்கள். ரவிக்கை தைப்பவர் துணியில் கை வைக்கும் முன் அளவு பார்ப்பார் இல்லையா, அதேதான். இரண்டு பக்கவாட்டு, முன், பின், கூரை என ஐந்து காகிதத் துண்டுகள். கூரைக்கு மட்டும் எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக வையுங்கள்.

இப்போது 750 கிராம் மாவில் 600 கிராமுக்கு மஞ்சள் சாயம் சேர்த்துப் பிசையுங்கள். நிறம் சற்று வெளிறித் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். சில மணி நேரத்தில் தானாகவே ஆழமாகும். மேசையில் சோள மாவை மெலிதாகத் தூவி 4 மில்லிமீட்டர் கனத்தில் உருட்டுங்கள். ஒரே திசையில் உருட்டாமல், அடிக்கடி தூக்கித் திருப்பி வைத்து உருட்டினால் ஒட்டாது. காகித அளவை வைத்துக் கூரான கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். கத்தியை இழுத்தால் விளிம்பு நீளும். வெட்டிய பலகைகளை மின்விசிறியின் கீழ் 10, 15 நிமிடம் விடுங்கள். சற்று விறைத்தால் தூக்க வசதி.

கேக்கை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே நீர் கோத்திருந்தால் சமையலறைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பூச்சு தொட்டால் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டு இரண்டையும் முதலில் ஒட்டுங்கள். அடுத்து முன், பின். கடைசியாகக் கூரை. உள்ளங்கையால் மெல்ல நீவுங்கள், நகம் படக்கூடாது. சுற்றி வரும் இணைப்புகளின் மேல் கறுப்புப் பட்டையைத் தூரிகையில் தொட்ட ஒரு துளித் தண்ணீரில் ஒட்டுங்கள். துளி என்றால் துளிதான். அதிகமானால் மாவு வழுக்கி இறங்கும்.

மீதி 150 கிராம் மாவுதான் ஜன்னலும் பயணிகளும். சாயம் போடாத மாவில் ஜன்னல் சதுரங்களை வெட்டி ஒட்டுங்கள். கொஞ்சம் மாவில் கோகோ தூள் கலந்தால் அழகான மாநிறம் வரும். சிறு உருண்டை பிடித்துத் தட்டி, ஜன்னலுக்கு ஒரு முகம் வையுங்கள். பழுப்பு முகங்கள், கறுப்பு ஃபாண்டன்டில் முடி, இரட்டைச் சடை. இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். சாக்லேட் பிஸ்கட் நான்கையும் சக்கரங்களாகப் பூச்சு வைத்து ஒட்டுங்கள். பிஸ்கட்டின் அடி பலகையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், அப்போதுதான் கீழே நழுவாது.

எண் பலகை மறக்க வேண்டாம். கெடா வாகனங்களின் எண் 'கே' எழுத்தில்தானே தொடங்கும்? 'கே' போட்டு, பக்கத்தில் பிள்ளையின் வயது. நெற்றியில் 'தமிழ்ப்பள்ளி' என்று எழுதலாம். பக்கவாட்டில் பிள்ளையின் பெயர், தமிழில். ஆர்டர் கேக்கில் தமிழில் பெயர் எழுதித் தரும் கடை எளிதில் கிடைக்காது. வீட்டுக் கேக்கில் அது நம் கையில்.

தவறினால் திருத்துவது எப்படி?

விரிசல் விழுந்தால் விரல் நுனியில் சிறிது ஷார்ட்டனிங் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். பெரிய விரிசல் என்றால் அங்கே ஒரு பட்டையோ முகமோ வந்துவிடட்டும். சோள மாவுத் திட்டு வெள்ளையாகத் தெரிந்தால் உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தால் போதும். காற்றுக் குமிழ் இருந்தால் சுத்தமான ஊசியால் சாய்வாகக் குத்தி, காற்றை விரலால் வெளியே தள்ளுங்கள். குத்தியதும் ஊசியைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

அதே காரணத்திற்காகச் சிறு உருவங்களைத் தாங்க உள்ளே பற்குச்சி செருகாதீர்கள். பிள்ளைகள் வாயில் போடும் பண்டம் இது. வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியை உடைத்துச் செருகலாம். கடித்தாலும் ஆபத்து குறைவு. மின்னும் தூள்களிலும் கவனம் வேண்டும். நச்சற்றது என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளல்ல. உணவுக்குரியது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சனிக்கிழமை வரை காப்பாற்றுதல்

முடித்த கேக்கை இரவு எங்கே வைப்பது? வெண்ணெய்ப் பூச்சும் சீனி மாவும் மட்டும் உள்ள கேக், நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் தாங்கும். குளிரூட்டி உள்ள அறை இருந்தால் மிக நல்லது. உள்ளே பச்சைக் கிரீம், கஸ்டர்ட், பழம் வைத்திருந்தால் வெளியே வைக்கக்கூடாது. ஆகவே முதல் கேக்கில் அவை வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே ஆக வேண்டும் என்றால், கேக்கை அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, அதை அப்படியே உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். இரண்டு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். ஈரம் அட்டையின் மேல் படியும், கேக் தப்பிக்கும். மீறி வியர்த்துவிட்டால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மின்விசிறியை ஓடவிட்டால் மெல்லக் காய்ந்துவிடும். என் பூனையை நான் துணியால் துடைத்தேன். மீசை போனது அதனால்தான்.

எறும்புக்கு நம் பாட்டிமார் வழியே வழி. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கேக் பலகையை வையுங்கள். பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது.

மண்டபத்துக்கோ, தோட்டத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கோ கொண்டு போவதென்றால், காரின் சாய்ந்த இருக்கையில் வைக்காதீர்கள். கால் வைக்கும் சமதரையில், வழுக்காத துணி விரித்து வையுங்கள். மேடு பள்ளமான செம்மண் சாலையில் மெதுவாகப் போங்கள். கொஞ்சம் பூச்சும் கறுப்புப் பட்டைத் துண்டும் ஒரு டப்பாவில் கூடவே இருக்கட்டும். சக்கரம் கழன்றால் அங்கேயே மாட்டிவிடலாம்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்

இரண்டு மூன்று கேக் நன்றாக வந்ததும், அக்கம் பக்கத்தார் எனக்கும் ஒன்று செய்து கொடு அக்கா என்பார்கள். வீட்டிலிருந்தே பக்க வருமானம் பார்க்கும் பெண்கள் நம்மில் பெருகி வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் காசு வாங்கத் தொடங்கினால் பொறுப்பும் வருகிறது. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவு கையாளுவோர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தொழிலையும் முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. வாங்குபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். முட்டை உண்டா, பால் உண்டா, கடலை உண்டா, எந்த ஜெலட்டின் என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர் காக்கும் தகவல். விரதம் இருக்கும் பாட்டிக்கு அது மரியாதை.

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு இந்தப் பேருந்தைத்தான் செய்தேன். கூரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு பயணிக்கு முகமே இல்லை, மகள் அதைத் தின்றுவிட்டிருந்தாள். வெட்டுவதற்கு முன் அம்மா என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "எல்லாம் படிச்சுப் பார்த்துட்டேன்மா, சாப்பிடுங்க" என்றேன். எண் பலகை இருந்த துண்டு வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.